கல்யாண டின்னர்ல அந்தோனியார எங்க உக்கார வைக்கிறது?

அந்தோனியார் மாதிரி நம்ம பாதுகாவலரா நினைக்கிற ஒரு கத்தோலிக்க புனிதர மையமா வச்சி ரிசப்ஷன் பண்ணணும்னு இப்ப நிறைய ஜோடிங்க ஆசைப்படுறாங்க. ஆச நல்லாத்தான் இருக்கு, ஆனா முக்காவாசி பேரு நேரா டெக்கரேட்டர்கிட்ட போயி "எங்களுக்கு அந்தோனியார் தீம் வேணும்"னு சொல்லிட்டு வந்துடுறாங்க. அந்த மனுசனுக்கு அந்தோனியாரும் தெரியாது சூசையப்பரும் தெரியாது, நெட்ல தேடிப் பாத்து ஆளு உயரத்துக்கு ஒரு கட்அவுட் அடிச்சி மேடை ஓரத்துல நிறுத்திடுறாரு, ராத்திரி முழுக்க புனிதரு டிஜே ஸ்பீக்கருக்கும் புகை மெஷினுக்கும் நடுவுல நின்னுகிட்டு இருக்காரு. செலவும் ஆச்சி, வந்தவங்களுக்கு ஒன்னும் புரியவும் இல்ல.

நான் சொல்ற வழி வேற. படத்த விடுங்க, அவரு வாழ்க்கைல செஞ்ச காரியம் ஒன்னு ரெண்டு எடுத்துக்குங்க, அத சாப்பாட்டுலயும் கெஸ்டுக்கு குடுக்குறதுலயும் கொண்டு வாங்க, மத்ததெல்லாம் வழக்கமான மலேசியா கல்யாண டின்னர் மாதிரியே இருக்கட்டும். அந்தோனியார வச்சே விளக்கமா சொல்றேன், கேஎல் தமிழ் கத்தோலிக்க குடும்பங்கள்ல அவரு பேரு இல்லாத வீடு கம்மி, புடு அந்தோனியார் கோயிலுக்கு போகாத பாட்டியும் கம்மி.

முதல்ல எந்த புனிதர்னு முடிவு பண்ணுங்க. இதுக்கு பின்டரெஸ்ட் வேணாம், வீட்டுல பெரியவங்கள கேளுங்க. யாருக்காச்சும் நேர்த்திக்கடன் இருக்கும், அப்பாவுக்கு வேலை கிடைச்சப்ப வேண்டிக்கிட்டது, பொண்ணு பொறந்தப்ப வேண்டிக்கிட்டதுன்னு ஏதாச்சும் ஒன்னு வரும். இல்லன்னா உறுதிபூசுதல்ல எடுத்த பேரு இருக்கு, இல்லன்னா பங்கு கோயிலோட பாதுகாவலர் இருக்காரு. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருத்தரு பொண்ணு வீட்டுக்கு ஒருத்தருன்னு வந்தா ரெண்டு பேரையும் ஒரே ஹால்ல போட்டு கலக்காதீங்க, ஒருத்தர பூசையில மன்றாட்டுலயும் பாட்டுலயும் நினைச்சிக்குங்க, இன்னொருத்தர டின்னர்ல வச்சிக்குங்க, ரெண்டு சம்பந்தி வீட்டுக்கும் திருப்தி.

தேதி விசயம் கொஞ்சம் கவனிங்க. அந்தோனியார் திருநாள் ஜூன் 13, அன்னைக்கே கல்யாணம் வச்சா எவ்ளோ நல்லா இருக்கும்னு தோணும், ஆனா அவரு பேருல இருக்குற கோயில்ல அதுக்கு முன்னாடி ஒன்பது நாளும் நவநாள், அப்புறம் தேர் பவனி, ஃபாதருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, பார்க்கிங்க பத்தி சொல்லவே வேணாம். திருநாள் முடிஞ்சி வர்ற சனிக்கிழமை வச்சீங்கன்னா கோயில் ஆளுங்களும் ஃப்ரீ, நவநாள் மனநிலையும் இன்னும் இருக்கும். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் கல்யாணம்னா ஜூலை 26 பக்கமே போகாதீங்க, அன்னம்மாள் திருநாளுக்கு வெளியூரு வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வர்ற கூட்டத்துல உங்க சொந்தக்காரங்களுக்கு ஹோட்டல் ரூமும் கிடைக்காது, ஹாலுக்கு நேரத்துக்கு வந்து சேரவும் முடியாது. சூசையப்பர்னா மார்ச் 19, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல வந்து மாட்டிக்கும், தவக்காலத்துல தடபுடலா விருந்து வைக்கிறத எந்த ஃபாதரும் விரும்ப மாட்டாரு, அதனால மே 1 பாருங்க, தொழிலாளரான சூசையப்பர் நினைவு நாள், 1955ல பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் ஏற்படுத்துனது, ஈஸ்டருக்கு அப்புறம் வர்ற உயிர்ப்புக் காலத்துலதான் வரும், அதோட நம்ம நாட்டுல பொது விடுமுறை, ஜோகூர்லேர்ந்து வர்றவங்களுக்கும் லீவு எடுக்குற தலவலி இல்ல.

சுரூபம் எங்க வைக்கிறதுன்னு கேட்டா, வாசல்ல. கெஸ்ட் உள்ள வந்து பேரு எழுதுற மேசைக்கு எதிர்ல ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, வீட்டு பீடத்துல பல வருசமா இருக்குற அதே சுரூபம், பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாங்குன ஒரு மல்லிகை மாலை, அவ்ளோதான். புதுசா பெருசா வாங்க வேணாம், மூக்கு நுனியில பெயின்ட் உரிஞ்ச பழைய சுரூபத்துக்கு முன்னாடிதான் உங்க அத்தைங்க நின்னு நெத்தியில சிலுவை போடுவாங்க. மேடைல வேணாம், பார் கவுன்டர் பக்கம் வேணவே வேணாம், போட்டோ பூத் பக்கத்துலயும் வேணாம், பசங்க தொப்பியும் கண்ணாடியும் போட்டுகிட்டு அவரு தோள்ல கை போட்டு செல்ஃபி எடுப்பானுங்க. மெழுகுவர்த்தி ஏத்தலாமான்னு ஹால்காரங்கள முன்னாடியே கேட்டுக்குங்க, முடியாதுன்னா பேட்டரி விளக்கு போதும். அப்புறம் ஒரு முக்கியமான வேலை, ராத்திரி டின்னர் முடிஞ்சதும் சுரூபத்த யாரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னு ஒரு ஆள பேரு சொல்லி நியமிங்க, சித்தப்பா எடுத்திருப்பாருன்னு மாமாவும் மாமா எடுத்திருப்பாருன்னு சித்தப்பாவும் நினைச்சிகிட்டு போயிடுவாங்க.

அவரு முகத்த எதுலயும் பிரின்ட் பண்ணாதீங்க. டிஷ்யூல போட்டா வாய தொடைச்சிட்டு தூக்கிப் போடுவாங்க, பேப்பர் கப்புல போட்டா குப்பைத்தொட்டி, கேக்குல போட்டா கத்திய எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு மாப்பிள்ளை முழிப்பாரு. அதுக்குப் பதிலா அடையாளங்கள எடுத்துக்குங்க, அந்தோனியாருக்கு லில்லிப் பூ, புத்தகம், ரொட்டி இருக்கு. அவரு பிரான்சிஸ்கன் சபை, அதனால காவியும் இல்லாம சாக்லேட்டும் இல்லாம ஒரு மண்ணு நிறம், அந்த உடுப்பு நிறத்துல மேசைத் துணி, மேல வெள்ளப் பூ, பாக்கவே ரொம்ப அழகா இருக்கும்.

பூவுல ஒரு விசயம் மட்டும். லில்லி வெள்ளைங்கறதுக்காக ஹால் முழுக்க வெள்ளப் பூவா போட்டுடாதீங்க. ஆபீஸ்லேர்ந்து வர்ற சீன நண்பர்களுக்கு, அதுவும் வயசானவங்களுக்கு, வெறும் வெள்ளப் பூன்னா சாவு வீட்டு ஞாபகம்தான் வரும், வெள்ளை செவ்வந்தி கலந்துட்டா கேக்கவே வேணாம். சிவப்பு ரோஜா, மஞ்சள், கொஞ்சம் பச்சை இலை எல்லாம் கலந்துக்குங்க, கேமரன் மலை பூவே எல்லா நிறத்துலயும் மார்க்கெட்டுக்கு வருது.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், ரொட்டி.

அந்தோனியார் போர்ச்சுகல் லிஸ்பன்ல 1195ல பொறந்தவரு, இத்தாலி பதுவா நகர்ல போதிச்சாரு, 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை இறந்தாரு, அடுத்த செவ்வாய்க்கிழமை அடக்கம் பண்ணாங்க, நம்ம ஊருல வாராவாரம் நடக்குற செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு மூலம் அதுதான். ஒரு வருசம் முடியிறதுக்குள்ளயே, 1232 மே மாசம் புனிதர் பட்டம். அவரு இறந்ததுக்கு அப்புறம் பதுவால ஒரு குழந்தை தண்ணில மூழ்கிப் போச்சி, அந்த தாயி "எம்புள்ள பொழச்சா அவன் எடைக்கு எடை கோதுமை ஏழைங்களுக்கு குடுக்கிறேன்"னு அந்தோனியார்கிட்ட வேண்டிக்கிட்டா, குழந்தை எந்திரிச்சிடுச்சின்னு பழைய கதை. அந்தோனியார் ரொட்டிங்கற பழக்கத்துக்கு வேரு அங்க இருக்கு, ஏழைங்களுக்கு குடுக்குறதுதான் அதோட அர்த்தம், மந்திரிச்ச பன்ன நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிக்கிறது அப்புறம் வந்தது.

இத டின்னர்ல எப்படி கொண்டு வர்றது? மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரு எடையையும் கூட்டிக்குங்க. உதாரணத்துக்கு 130 கிலோன்னு வைங்க, நம்ம கடைங்கள்ல அரிசி 10 கிலோ பையா விக்கிது, 13 பை ஆச்சி, திருநாள் தேதியும் 13, இதுக்காக யாரும் டயட் இருக்க வேணாம். அந்த அரிசிப் பைங்கள மேடைக்கு கீழ வரிசையா அடுக்குங்க, மேல ஒரு துணி, மேல லில்லி, மேடை அலங்காரத்துக்குன்னு தனியா செலவு பண்ண வேண்டிய தெர்மாகோல் தூணு பாதி குறைஞ்சிடும். எம்சி ஒரு நிமிசத்துல கதைய சொல்லி "இது நம்ம புதுத் தம்பதிங்க எடை, நாளைக்கு ஏழைக் குடும்பங்களுக்குப் போகுது"ன்னு சொன்னா போதும். கூட்டுத் தொகைய மட்டும் சொல்லச் சொல்லுங்க, பொண்ணு எடைய தனியா மைக்ல சொன்ன எம்சி அன்னைக்கு சோறு சாப்பிட மாட்டாரு. அரிசிய யாருக்கு குடுக்குறதுன்னு தேட வேணாம், நிறைய பங்குல ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தெ பவுல் சபை இருக்கு, அவங்க கையில எந்த வீட்டுக்கு என்ன வேணும்ங்கற லிஸ்டே இருக்கும், ஒரு வாரம் முன்னாடி பேசி வச்சிக்குங்க.

இதுக்குன்னு கெஸ்ட்கிட்ட உண்டியல் நீட்டாதீங்க. அவங்க ஏற்கனவே மொய்யோ ஆங்பாவோ குடுத்துட்டாங்க, பெட்ரோல் போட்டு டோல் கட்டி வந்திருக்காங்க. அரிசி தம்பதிங்க காசுலதான் வாங்கணும், வேண்டுதல் அவங்களோடது. காசு எங்கேர்ந்து வரும்னா டோர் கிஃப்ட்லேர்ந்து. அந்த சின்ன கண்ணாடி ஜாடி, பேரு அடிச்ச கீசெயின், யாரு வீட்டுல இருக்கு இப்ப சொல்லுங்க.

டோர் கிஃப்டுக்கு பதிலா கெஸ்டுக்கு ஒரு பன். பெருசா ஒன்னும் இல்ல, உள்ளங்கை அளவு, மேல கத்தியால ஒரு சிலுவைக் கீறல், பேக்கரில சொன்னா போட்டுக் குடுப்பாங்க. காலைல சுட்டு நல்லா ஆறுன பிறகு பிரவுன் பேப்பர் பைல போடச் சொல்லுங்க, சூட்டோட பிளாஸ்டிக்ல போட்டா உள்ள தண்ணி கோத்து சாயங்காலம் கெஸ்ட் கைக்கு போறப்ப தோல் பிசுபிசுன்னு ஆயிடும். பினாங்குல பண்றவங்களுக்கு இன்னும் சுலபம், ரொட்டி பெங்காலி இருக்கே, அத தடி தடியா வெட்டி ஒவ்வொரு மேசைலயும் டால்ச்சாவோட முதல் ஐட்டமா வைங்க, எல்லாரும் பிச்சித் தொட்டு சாப்பிட்டுகிட்டே பேச்ச ஆரம்பிச்சிடுவாங்க, டின்னர் லேட்டானாலும் வயிறு கத்தாது. ஃபாதர் பன்ன மந்திரிக்கிறாருன்னா அத வெளிப்படையா சொல்லிடுங்க, இது பூசையில குடுக்குற நற்கருணை இல்ல, யாரு வேணும்னாலும் சாப்பிடலாம், ஆனா முஸ்லிம் நண்பர்களுக்கு சங்கடமா இருக்கலாம், அவங்களுக்கு மந்திரிக்காதத தனிக் கூடைல வைக்கிறதுதான் மரியாதை.

அடுத்தது, தொலஞ்சது கிடைக்க அந்தோனியார். இது எப்படி வந்துச்சின்னா அவரோட சங்கீதப் புத்தகத்த மடத்துல புதுசா சேந்த ஒரு நவசந்நியாசி தூக்கிட்டு மடத்த விட்டே ஓடிட்டான், அவரு செபம் பண்ணாரு, அவன் மனசு மாறி புத்தகத்தோட திரும்பி வந்துட்டான்னு கதை. மேசைக்கு ஒரு கட்டு சின்ன அட்டையும் பேனாவும் வைங்க, "நீங்க எதத் தேடிகிட்டு இருக்கீங்க, எழுதுங்க, அந்தோனியார்கிட்ட குடுத்துடுறோம்"னு ஒரு வரி. பேரு எழுத வேணாம்னு கண்டிப்பா போடுங்க, அப்பதான் உண்மைய எழுதுவாங்க. வேலைன்னு எழுதுவாங்க, வீடுன்னு எழுதுவாங்க, பேசாம இருக்குற தம்பின்னு எழுதுவாங்க, ஒரு அங்கிள் கண்டிப்பா "கார் சாவி"ன்னு எழுதுவாரு. இந்து சொந்தக்காரங்களும் தாராளமா எழுதுவாங்க, அந்தோனியார்கிட்ட வேண்டிக்கிறதுக்கு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. அட்டைங்கள யாரும் படிக்காம ஒரு கவர்ல போட்டு ஒட்டி, வர்ற செவ்வாய்க்கிழமை நவநாள்ல மன்றாட்டுப் பெட்டில போட்டுடுங்க. கெஸ்ட்புக்ல "ஹேப்பி மேரீட் லைஃப்" நூறு தடவ வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அந்தோனியாருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்னு யாராச்சும் கேட்டா லிஸ்பன சொல்லுங்க, அங்க அவரு ஜோடி சேத்து வைக்கிற புனிதரு, அவரு திருநாள ஒட்டி ஜூன்ல வசதி இல்லாத ஜோடிங்களுக்கு மொத்தமா கல்யாணம் பண்ணி வைக்கிற வழக்கம் 1958ல ஆரம்பிச்சது, நடுவுல நின்னு போயி மறுபடி 1997லேர்ந்து நகராட்சியே நடத்துது. எம்சிக்கு நல்ல பாயின்ட். ரிமினி ஊருல ஆளுங்க யாரும் கேக்கலைன்னு கடல்கிட்ட போயி மீனுங்களுக்கு பிரசங்கம் பண்ணாராம், மீனெல்லாம் தலைய வெளிய நீட்டி வரிசையா கேட்டுச்சாம். மெனுல ஒரு மீன் ஐட்டம் போட்டுட்டு இந்தக் கதைய சொல்லலாம். ஆனா மீனு அமைதியா கேட்டுச்சி, பசில இருக்குற நம்ம ஆளு கேக்க மாட்டான், அதனால ஸ்பீச் மொத்தமும் பத்து நிமிசம், சாப்பாடு வந்ததுக்கு அப்புறம்.

வேற புனிதர்னா சுருக்கமா சொல்லிடுறேன்.

பினாங்கு சவேரியார் கோயில் பங்குக்காரங்களுக்கு சவேரியார். அவரு 1542லேர்ந்து தூத்துக்குடி பக்கம் முத்துக்குளித்துறை பரவர்கள் நடுவுல இருந்தவரு, அங்க உள்ள ஆளுங்கள வச்சி செபங்கள தமிழ்ல எழுதி மனப்பாடம் பண்ணாரு, 1545ல மலாக்காவுக்கே வந்தவரு, நம்ம வீட்டு ஆளு மாதிரிதான். கோவா தெருவுல கைமணி அடிச்சிகிட்டே புள்ளைங்கள கூப்பிடுவாரு, அந்த மணிய எடுத்துக்குங்க, டின்னர் ஆரம்பம், கேக், நன்றியுரை எல்லாத்துக்கும் எம்சி மைக்ல கத்தாம ஒரு கைமணி. சாப்பாட்டு செபத்த தமிழ்ல எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. கடல்ல விழுந்த அவரோட சிலுவைய ஒரு நண்டு கொண்டு வந்து குடுத்துச்சின்னு கதை இருக்கு, முதுகுல சிலுவை மாதிரி கோடு போட்ட நண்டு நம்ம கடல்லயும் கிடைக்கும். அதுக்காக பட்டுச்சேலைல வந்திருக்குற ஆண்டிங்க முன்னாடி முழு நண்டு கறிய வைக்காதீங்க, நண்டு கட்லெட் போதும். டிசம்பர் 3 அவரு திருநாள், அது கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலத்த ஒட்டி வர்றதால கோயில் அலங்காரம் எவ்ளோ அனுமதின்னு ஃபாதர்கிட்ட கேட்டுக்குங்க.

அன்னம்மாள்னா அவங்க மாதாவுக்கு அம்மா, இயேசுவுக்கு பாட்டி, அதனால தாத்தா பாட்டிங்களுக்குத்தான் அந்த ராத்திரி. மேடைக்கு பக்கத்துல முதல் மேசை அவங்களுக்கு, ஸ்பீக்கர்லேர்ந்து தள்ளி, டாய்லெட்டுக்கு கிட்ட, முதல் தட்டு அங்க போகணும், விஐபி டத்தோவுக்கே அதுக்கு அப்புறம்தான். முதல் வாய் கேக்க பாட்டிக்கு ஊட்டச் சொல்லுங்க. உயிரோட இல்லாத தாத்தா பாட்டிங்க கல்யாணப் போட்டோ கிடைச்சா அத மட்டும் வாசல்ல அன்னம்மாள் சுரூபத்துக்கு பக்கத்துல வைங்க.

சாப்பாட்டுல பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, ஹலால் கேட்டரர் புடிச்சிட்டா பாதிப் பிரச்சனை தீந்துச்சி, சைவ மேசை தனியா, பார் ஹாலுக்கு ஒரு மூலைல தள்ளி. தவக்கால வெள்ளிக்கிழமைல மட்டும் டின்னர் வைக்காதீங்க, இறைச்சி இல்லாம எங்க மாமாங்கள சமாளிக்க முடியாது.

நிகழ்ச்சி வரிசைல ஒரே ஒரு சிக்கல் வரும், ஃபாதர். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு சன்செட் மாஸ் இருக்கும், அத முடிச்சிட்டுதான் வர முடியும், ஞாயிறு காலைல மறுபடி பூசை, அதனால ரொம்ப நேரம் இருக்கவும் மாட்டாரு. வந்த உடனே சாப்பாட்டு செபம், அரிசிய மந்திரிக்கிறது, ரெண்டையும் ஒன்னா வச்சி முடிச்சிடுங்க, அவர பத்து மணி வரைக்கும் பசியோட மேடைல உக்கார வைக்காதீங்க. செபம் முடிஞ்சி ஆமென் சொன்ன கையோட மாப்பிள்ளை நண்பனுங்க கிளாஸ தூக்கி "யாஆஆம் செங்"னு சீனப் பாணில கெளப்பிடுவானுங்க, எம்சிகிட்ட சொல்லி நடுவுல ஒரு பாட்டு போட்டு இடைவெளி விடுங்க.

ராத்திரி ஹால காலி பண்றப்ப மிச்ச சாப்பாட்ட சொந்தக்காரங்க தாப்பாவ் பண்ணிக்குவாங்க, அரிசிப் பை மேல மட்டும் ஒரு கண்ணு வைங்க, "இது யாரோடது, எடுத்துக்கலாமா"ன்னு கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு. வேன் வச்சிருக்குற ஒரு தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சி, மறுநாள் காலைப் பூசைக்கு முன்னாடி கோயில் ஆபீஸ்ல இறக்கச் சொல்லுங்க, எத்தன பைன்னு ஒரு சீட்டுல எழுதி சபைக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கட்டும், அட்டை கவரையும் அவன்கிட்டயே குடுத்து விட்டுடாதீங்க, அது தம்பதிங்களே செவ்வாய்க்கிழமை நேர்ல கொண்டு போயி போட வேண்டியது.